பிரீமியர் லீக்கின் முதல் வாரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் பிறந்து இங்கிலாந்தின் முதன்மைக் கால்பந்து லீக்கான பிரீமியர் லீக்கில் பந்து உருளத் தொடங்கியதும் நண்பர்களும் உறவுக்காரப் பிள்ளைகளும் ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. உதாரணங்களை முடிந்தவரை 2011-12 சீசனிலிருந்து எடுத்திருக்கிறேன். ஆரம்ப வாரங்களைப் பற்றி அதைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்கும் சீசனை நான் பார்த்ததில்லை.

சீசன் எப்போ ஆரம்பிக்குது? மொத்தம் எத்தனை மேட்ச்? கம்யூனிட்டி ஷீல்டும் இதுல சேருமா?

வழக்கமாக ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும். 20 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற 19 அணிகளோடு சொந்த மைதானத்தில் ஒருமுறையும் வெளியூரில் ஒருமுறையும் ஆடும். அப்படி ஓர் அணிக்கு 38 ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளி, டிரா என்றால் 1. கடைசியில் நிற்கும் மூன்று அணிகள் கீழே உள்ள சாம்பியன்ஷிப் பிரிவுக்கு இறங்கும், அங்கிருந்து மூன்று மேலே வரும். 1992-93இல் பிரீமியர் லீக் தொடங்கியபோது 22 அணிகள் இருந்தன. 1995-96 முதல்தான் 20.

கம்யூனிட்டி ஷீல்டு தனிக் கோப்பை. முந்தைய சீசனின் லீக் சாம்பியனும் எஃப்.ஏ. கோப்பை (எல்லாப் பிரிவு அணிகளும் மோதும் நாக்-அவுட் போட்டி) வென்ற அணியும் சீசனுக்கு முன்னால் ஆடும் ஒற்றை ஆட்டம் அது. அதன் முடிவு லீக் பட்டியலில் ஏறாது.

ஒரு மேட்ச்கூட ஆடல, ஆனா ஆர்சனல் மேல இருக்கே?

எல்லோருக்கும் பூஜ்யம் என்பதால் ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கி வைத்திருப்பார்கள். முதல் ஆட்டம் முடிந்ததும் மாறிவிடும்.

நம்ம நேரத்துக்கு எத்தனை மணிக்குப் பார்க்கணும்? நவம்பர்ல ஏன் ஒரு மணி நேரம் தள்ளிப் போகுது?

ஆகஸ்ட், செப்டம்பரில் இந்தியாவிலும் இலங்கையிலும் சனிக்கிழமை ஆட்டங்கள் மாலை 5 மணி, இரவு 7.30, இரவு 10 மணி என்று வரும். ஞாயிறன்று பெரும்பாலும் மாலை 6.30, இரவு 9. வெள்ளி, திங்கள் இரவு ஆட்டம் என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டி 12.30. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் இவற்றோடு இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அங்கே மதியம் 3 மணி ஆட்டம் அதே 3 மணிக்குத்தான் நடக்கும், நமக்கு மட்டும் 7.30 என்பது 8.30 ஆகிவிடும். அந்த வாரத்தில் மட்டும் நேரத்தை இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று. சனிக்கிழமை மதியம் 3 மணி ஆட்டங்களை இங்கிலாந்துக்காரர்களே டிவியில் நேரலையாகப் பார்க்க முடியாது. கீழ்ப் பிரிவுகளின் மைதானங்களுக்குக் கூட்டம் குறையக்கூடாது என்பதற்காக 1960களில் வந்த கட்டுப்பாடு இன்னும் நீடிக்கிறது. அந்த ஆட்டங்களை நாம் இங்கே வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறோம்.

மூணு மேட்ச் முடிஞ்சிருச்சு. இப்ப இருக்கிற பட்டியலை நம்பலாமா?

2011 ஆகஸ்டைப் பாருங்கள். முதல் மூன்று ஆட்டங்களில் வுல்வ்ஸ் 7 புள்ளி எடுத்தது. அதே மூன்று ஆட்டங்களில் ஆர்சனலுக்குக் கிடைத்தது 1 புள்ளி. மூன்றாவது ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 8-2 என்று நொறுங்கியிருந்தார்கள். மே மாதம் முடிவில் ஆர்சனல் 70 புள்ளியோடு மூன்றாம் இடம். வுல்வ்ஸ் 25 புள்ளியோடு கடைசி இடம்.

ஆர்சனல் மட்டும் இல்லை. அதே மாதம் டாட்டன்ஹாம் தன் முதல் இரண்டு ஆட்டங்களில் யுனைடெட்டிடம் 3-0, மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1 என்று தோற்றது. சீசன் முடிவில் நான்காம் இடம். போல்டன் முதல் நாளில் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸை அவர்கள் மைதானத்திலேயே 4-0 என்று வென்றது. கடைசியில் 36 புள்ளியோடு போல்டன் கீழே இறங்கியது, 37 புள்ளியோடு குவீன்ஸ் பார்க் தப்பித்தது. அன்று அழுதவர்களும் சிரித்தவர்களும் மே மாதம் இடம் மாறிக்கொண்டார்கள்.

ஆகவே மூன்று ஆட்டப் பட்டியலை வைத்து யார் நல்ல அணி என்று முடிவு கட்டாதீர்கள். ஆனால் அந்தப் புள்ளிகள் பொய் என்றும் நினைக்க வேண்டாம். ஆகஸ்டில் எடுத்த 3 புள்ளியும் மே மாதம் எடுக்கும் 3 புள்ளியும் ஒரே எடைதான். குவீன்ஸ் பார்க் தப்பித்தது ஒரே ஒரு புள்ளியில் என்பதை மறந்துவிடக்கூடாது.

அப்போ எதைத்தான் பார்க்கணும்?

யாரோடு ஆடினார்கள், எங்கே ஆடினார்கள் என்று பாருங்கள். வுல்வ்ஸின் அந்த 7 புள்ளியும் பிளாக்பர்ன், ஃபுல்ஹாம், ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக வந்தவை. அந்த அணிகள் சீசன் முடிவில் முறையே 19, 9, 16ஆம் இடங்களில் இருந்தன. ஆர்சனல் சந்தித்தது நியூகாசில், லிவர்பூல், யுனைடெட். அவை முடித்த இடங்கள் 5, 8, 2. ஆர்சனலின் மூன்று ஆட்டங்களில் இரண்டு வெளியூரில்.

நான் செய்வது இதுதான். பட்டியலைப் பார்த்ததும் பக்கத்தில் அந்த அணி இதுவரை ஆடிய ஆட்டங்களையும் திறந்து வைத்துக்கொள்வேன். போன வருடம் பட்டியலின் மேல் பாதியில் முடித்த அணிகளோடு எத்தனை, வெளியூரில் எத்தனை என்று எண்ணினாலே பாதி விஷயம் விளங்கிவிடும். ஏழெட்டு ஆட்டங்களுக்குப் பிறகு இந்த ஏற்றத்தாழ்வு குறையத் தொடங்கும். பத்து ஆட்டங்கள் ஆனதும் பட்டியலை ஓரளவு மதிக்கலாம். முழுச் சமநிலை வருவது 19 ஆட்டங்கள் முடிந்து எல்லோரும் எல்லோரையும் ஒருமுறை சந்தித்த பிறகுதான். அப்போதும்கூட வீடு (சொந்த மைதானம்), வெளியூர் கணக்கு பாக்கி இருக்கும்.

இந்த அட்டவணையை யார் போடறது? எங்க டீமுக்கு மட்டும் வேணும்னே கஷ்டமா போடறாங்களா?

இல்லை. கம்ப்யூட்டர் போடுகிறது, அதைப் பல சுற்று சரிபார்த்து ஜூன் மாதவாக்கில் வெளியிடுகிறார்கள். சில நிபந்தனைகள் உண்டு. எந்த ஐந்து ஆட்டங்களை எடுத்தாலும் வீட்டில் மூன்று, வெளியே இரண்டு, அல்லது அதற்கு நேர்மாறாக இருக்கும்படி பார்ப்பார்கள். சீசனின் தொடக்கத்திலும் முடிவிலும் அடுத்தடுத்து இரண்டு வீட்டு ஆட்டமோ இரண்டு வெளியூர் ஆட்டமோ வராமல் தவிர்ப்பார்கள். லிவர்பூலும் எவர்ட்டனும், இரண்டு மான்செஸ்டர் அணிகளும் ஒரே நாளில் சொந்த ஊரில் ஆடாமல் பார்ப்பார்கள், காவல் துறையின் பேச்சும் இதில் உண்டு.

விதிவிலக்கும் வரும். 2016-17இல் லிவர்பூல் மைதானத்தில் புதிய ஸ்டாண்டு கட்டி முடிக்கவில்லை. அவர்களே கேட்டுக்கொண்டதால் முதல் மூன்று ஆட்டங்களும் வெளியூரில் அமைந்தன. ஆர்சனலை 4-3 என்று வென்றார்கள், பர்ன்லியிடம் 2-0 தோற்றார்கள், டாட்டன்ஹாமோடு 1-1. அந்தச் சமயத்தில் பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு இந்தக் காரணம் தெரிந்திருக்காது.

கோல் வித்தியாசம் கடைசியிலதானே பார்ப்பாங்க? ஆகஸ்ட்லேயே எதுக்கு அதைப் பத்திப் பேசறாங்க?

கோல் வித்தியாசம் என்பது அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தது. புள்ளிகள் சமமானால் முதலில் அதைப் பார்ப்பார்கள், அதுவும் சமமானால் அதிக கோல் அடித்த அணி மேலே. ஒரு கோல் ஆகஸ்டில் அடித்ததா, மே மாதம் அடித்ததா என்று கணக்கு கேட்காது.

2011-12இல் சிட்டியும் யுனைடெட்டும் 28 வெற்றி, 5 டிரா, 5 தோல்வி என்று அச்சு அசலாக ஒரே மாதிரி, 89 புள்ளியில் முடித்தன. சிட்டி 93 கோல் அடித்து 29 வாங்கியிருந்தது, வித்தியாசம் 64. யுனைடெட் 89 அடித்து 33 வாங்கியது, வித்தியாசம் 56. கோப்பை சிட்டிக்கு. சிட்டிக்குக் கோப்பையைத் தந்த கடைசி நாளின் கடைசி நிமிடக் கோலை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், சரிதான். ஆனால் எனக்கு அக்டோபர் 23தான் முக்கியம். அன்று யுனைடெட்டின் மைதானத்தில் சிட்டி 6-1 என்று வென்றது. சீசனின் ஒன்பதாவது ஆட்டம்.

அன்று இடைவேளையின்போது ஸ்கோர் 1-0. இரண்டாம் பாதி தொடங்கியதும் யுனைடெட்டின் ஜானி எவன்ஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார், அப்புறம் வெள்ளம்தான். அந்த ஆட்டம் அப்படியே 1-0 என்று முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சிட்டி அடித்தது 88, வாங்கியது 28. யுனைடெட்டும் அடித்தது 88, வாங்கியது 28. மற்றவை எல்லாம் மாறாமல் இருந்தால் இரண்டு அணிகளையும் பிரிக்கவே வழி இருந்திருக்காது. அக்டோபரில் தோல்வி உறுதியான பிறகு ஓர் அணி கூடுதலாக வாங்கும் கோல்களை நான் அலட்சியமாகப் பார்க்காததற்கு இதுதான் காரணம்.

புதுசா மேல வந்த டீம் முதல் நாளே ஜெயிச்சுட்டா, இந்த வருஷம் தப்பிச்சுருமா?

சொல்ல முடியாது. 2010-11இல் பிளாக்பூல் முதல் நாளில் விகனை 4-0 என்று வென்றது, கடைசியில் இறங்கியது. இதைவிட ஆச்சரியமானது 2008-09இன் ஹல் சிட்டி. முதல் ஒன்பது ஆட்டங்களில் 20 புள்ளி, ஆர்சனலையும் டாட்டன்ஹாமையும் அவர்கள் மைதானங்களிலேயே தோற்கடித்திருந்தார்கள். மீதி 29 ஆட்டங்களில் எடுத்தது 15 புள்ளி. மொத்தம் 35. ஒரு புள்ளி வித்தியாசத்தில் தப்பித்தார்கள். ஆரம்பத்தில் சேர்த்து வைத்ததுதான் காப்பாற்றியது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2011-12இல் ஸ்வான்சி முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆனாலும் பதினோராம் இடத்தில் முடித்தது. அந்த வருடம் மேலே வந்த மூன்று அணிகளுமே தப்பித்தன. 2023-24, 2024-25 இரண்டிலும் மேலே வந்த மூன்றும் அதே வருடம் திரும்பிப் போயின. பணத்தின் இடைவெளி பெரிதாகிக்கொண்டே போவது எனக்கு வருத்தமான விஷயம்.

தொடர்ந்து தோத்து, கோலே அடிக்காத டீம் மீண்டதுண்டா?

உண்டு. 2017-18இல் கிரிஸ்டல் பேலஸ் முதல் ஏழு ஆட்டங்களிலும் தோற்றது, ஒரு கோல்கூட இல்லை. எட்டாவது ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன் செல்சியை 2-1 என்று வென்றார்கள். முடித்தது 44 புள்ளியோடு பதினோராம் இடம். 1994-95இல் எவர்ட்டன் முதல் 12 லீக் ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. பதினைந்தாவதாக முடித்ததோடு எஃப்.ஏ. கோப்பையையும் தூக்கினார்கள். உங்கள் அணி இப்போது அடியில் கிடந்தால் இந்த இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நாலு மேட்ச்ல மேனேஜரை அனுப்பிடறாங்களே, இது நியாயமா?

மேனேஜர் என்றால் அணியின் தலைமைப் பயிற்சியாளர். என்னைக் கேட்டால் பெரும்பாலும் நியாயமில்லை. நான்கு ஆட்டங்களில் எதிரணிகளின் பலமே முடிவைத் தீர்மானித்துவிடலாம் என்று மேலே சொன்னேன். ஆனால் பலன் என்ன என்று கேட்டால் பதில் இரண்டு பக்கமும் இருக்கிறது. மேலே சொன்ன பேலஸ், நான்கு தோல்விக்குப் பிறகு ஃபிராங்க் டி போயரை அனுப்பிவிட்டு ராய் ஹாட்ஜ்சனைக் கொண்டுவந்தது. 2022இல் போர்ன்மவுத் லிவர்பூலிடம் 9-0 என்று தோற்ற சில நாட்களில் ஸ்காட் பார்க்கரை நீக்கியது, கேரி ஓ'நீல் வந்து பதினைந்தாம் இடத்தில் முடித்தார். 2019இல் வாட்ஃபோர்டும் நான்கு ஆட்டத்தில் ஹாவி கிராசியாவை நீக்கியது. அடுத்து வந்தவரும் நிலைக்கவில்லை, சீசன் முடிவில் அணி இறங்கியது.

பெரும்பாலும் இது ஆட்டத்தின் முடிவை மட்டும் பற்றியதாக இருப்பதில்லை. யாரை வாங்குவது என்ற சண்டை, நிர்வாகத்தோடு மனக்கசப்பு எல்லாம் கோடையிலேயே தொடங்கியிருக்கும். 2025இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மூன்றே லீக் ஆட்டங்களுக்குப் பிறகு நூனோவை அனுப்பியது. அவருக்கு அடுத்து வந்த போஸ்டெகோக்ளு 39 நாளில் போனார்.

சீசன் ஆரம்பிச்ச பிறகும் வீரர்களை வாங்கறாங்களே? அது எப்படி சரி?

டிரான்ஸ்பர் விண்டோ, அதாவது வீரர்களை வாங்கவும் விற்கவும் அனுமதிக்கும் காலம், ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் முதல் நாள் வரை திறந்திருக்கும். 2018, 2019இல் மட்டும் சீசன் தொடங்குவதற்கு முன்பே மூடிப் பார்த்தார்கள். மற்ற நாடுகளில் திறந்தே இருந்ததால், வீரர்களை இழக்கலாம், பதிலுக்கு வாங்க முடியாது என்ற நிலை வந்தது. பழையபடி மாற்றிவிட்டார்கள்.

ஆரம்பப் பட்டியலை நம்ப வேண்டாம் என்பதற்கு என் கணக்கில் இதுவே பெரிய காரணம். ஆகஸ்டில் ஆடும் அணி முழுமையான அணியே இல்லை. 2011 ஆர்சனலையே மறுபடி எடுத்துக்கொள்வோம். ஃபாப்ரகாஸையும் நஸ்ரியையும் அந்த மாதம்தான் விற்றார்கள். 8-2க்குப் பிறகு, விண்டோ மூடுவதற்குள் அர்டெட்டா, மெர்ட்டசாக்கர் உள்பட ஒரு கூட்டத்தையே வாங்கினார்கள். மூன்றாம் இடத்தைப் பிடித்தது செப்டம்பரில் சேர்ந்த அணி.

செப்டம்பர்ல சூடு பிடிக்கிற நேரத்துல ரெண்டு வாரம் நிறுத்திடறாங்களே?

அது தேசிய அணிகளுக்காக ஃபிஃபா ஒதுக்கியிருக்கும் இடைவெளி. 2025 வரை செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று மூன்று வந்தன. 2026 முதல் செப்டம்பரையும் அக்டோபரையும் சேர்த்து ஒரே நீண்ட இடைவெளியாக்கியிருக்கிறார்கள். இடைவெளிக்கு அடுத்த முதல் ஆட்டத்தைக் கொஞ்சம் பொறுமையோடு பாருங்கள். தென் அமெரிக்காவில் ஆடிவிட்டு வியாழக்கிழமை வந்து இறங்கும் வீரர் சனிக்கிழமை மதியம் களமிறங்க வேண்டியிருக்கும். பெரிய அணிகளில் அப்படிப்பட்டவர்கள் அதிகம்.

ஒரு டீம் மட்டும் ஒரு மேட்ச் குறைவா ஆடியிருக்கு. அந்த 3 புள்ளியைச் சேர்த்துப் பார்க்கலாமா?

சேர்க்காதீர்கள். ஆடாத ஆட்டத்துக்குப் புள்ளி இல்லை. 2011இல் லண்டனில் கலவரம் நடந்ததால் டாட்டன்ஹாம்-எவர்ட்டன் முதல் நாள் ஆட்டம் தள்ளிப்போனது, அது நடந்தது 2012 ஜனவரியில். அதனால்தான் டாட்டன்ஹாமின் சீசன் யுனைடெட், சிட்டி என்ற இரண்டு மலைகளோடு தொடங்கியது. 2022 செப்டம்பரில் ராணி எலிசபெத் இறந்தபோது அந்த வார ஆட்டங்கள் அனைத்தும் தள்ளிவைக்கப்பட்டன. பாக்கி ஆட்டம் எப்போது வரும், அப்போது யாருக்குக் காயம் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எக்ஸ்ஜி எக்ஸ்ஜின்னு சொல்றாங்களே, அதை வச்சு ஆரம்பத்திலேயே கணிக்கலாமா?

ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்று மதிப்பிட்டு, அதைக் கூட்டினால் வருவது எக்ஸ்ஜி (xG, expected goals). பெனால்டிகளில் முக்கால்வாசிக்கு மேல் கோலாகிறது, அதனால் ஒரு பெனால்டியின் மதிப்பு 0.75க்குச் சற்று மேலே. நாற்பது கஜத்திலிருந்து அடிப்பதற்கு மிகச் சிறிய எண். நல்ல வாய்ப்புகளை உருவாக்கியும் பந்து உள்ளே போகாத அணியையும், வாய்ப்பே இல்லாமல் அதிர்ஷ்டத்தில் ஜெயிக்கும் அணியையும் இது பிரித்துக் காட்டும். ஆரம்ப வாரங்களில் புள்ளிப்பட்டியலைவிட இது கொஞ்சம் உதவும் என்பது உண்மை. ஆனால் இதுவும் அதே நாலைந்து ஆட்டங்களிலிருந்து வருவதுதான். எதிரணி யார் என்ற கேள்வியை இங்கேயும் கேட்டாக வேண்டும்.

முதல் எட்டு பத்து மேட்ச் தோற்கவே இல்லன்னா கப்பு உறுதிதானே?

2005-06இல் செல்சி முதல் ஒன்பதையும், 2019-20இல் லிவர்பூல் முதல் எட்டையும் வென்று சாம்பியன் ஆயின. ஆனால் 2023-24இல் டாட்டன்ஹாம் முதல் பத்தில் 26 புள்ளியோடு தோல்வியே இல்லாமல் முதலிடத்தில் இருந்தது, முடித்தது ஐந்தாவதாக.

தடுமாறித் தொடங்கி வென்றவர்களும் இருக்கிறார்கள். பிரீமியர் லீக்கின் முதல் சீசனிலேயே யுனைடெட் முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது, மூன்றாவது டிரா, கடைசியில் பத்துப் புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன். 2016-17இல் செல்சி ஆறாவது ஆட்டத்தில் ஆர்சனலிடம் 3-0 என்று தோற்றது. மேனேஜர் கோன்ட்டே தடுப்பில் மூன்று பேரை நிறுத்தும் முறைக்கு மாறினார், தொடர்ந்து 13 வெற்றி, கோப்பை. அந்தத் தோல்வி அவ்வளவு சீக்கிரம் வந்தது அவர்களுக்கு நல்லதாகப் போயிற்று.

ஜெயிச்ச புள்ளியைப் பின்னாடி பிடுங்கறாங்களே, அது எப்படி?

செலவுக் கட்டுப்பாட்டு விதிகளை மீறினால் புள்ளி குறைப்பார்கள். 2023 நவம்பரில் எவர்ட்டனுக்கு 10 புள்ளி குறைந்தது, மேல்முறையீட்டில் அது 6 ஆனது, பின்னர் இன்னொரு 2. அதே சீசனில் ஃபாரஸ்ட் 4 இழந்தது. இரண்டும் தப்பித்தன. விசாரணை நிலுவையில் இருக்கும் அணியின் புள்ளியைப் பட்டியலில் பார்க்கும்போது இதையும் மனதில் வையுங்கள்.

கோல் வித்தியாசமும் அடிச்ச கோலும்கூட சமமா இருந்தா? நீங்க சொன்ன அந்த 1-0 கணக்கு நிஜமாவே நடந்திருந்தா?

இப்போதைய விதிப்படி, கோப்பையோ ஐரோப்பியப் போட்டி இடமோ கீழிறங்குவதோ அதில் தீர்மானமாக வேண்டியிருந்தால், அந்த இரண்டு அணிகளும் மோதிய ஆட்டங்களில் யார் அதிகப் புள்ளி எடுத்தார்கள் என்று பார்ப்பார்கள். அதுவும் சமமென்றால் அந்த ஆட்டங்களில் வெளியூரில் அடித்த கோல்கள். அதற்கும் மேல் போனால் பொது மைதானத்தில் பிளே-ஆஃப். 2011-12இல் சிட்டி யுனைடெட்டை இரண்டு முறையும் வென்றிருந்தது, இன்றைய விதி இருந்திருந்தால் கோப்பை அவர்களுக்கே போயிருக்கும். அன்றைக்கு அந்த விதி கிடையாது. கணக்கு அப்படி அமைந்திருந்தால் மே மாதம் இருவரும் இன்னொரு முறை மோதி முடிவு செய்திருக்க வேண்டும்.